சாயங்கால டிவி வினாடி வினா: வீட்டோடு பார்க்கலாமா, அணைத்துவிட்டு வெளியே போகலாமா?

ராயபுரம் ரயிலடி (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு தம்பி எழுதியிருந்தார்: "டிவியில் வினாடி வினா பார்ப்பது சுத்த வேஸ்ட். யாரோ பதில் சொல்கிறார், யாரோ காசு வாங்குகிறார், நீங்கள் ஏன் உட்கார்ந்து கைதட்டுகிறீர்கள்?" நிறைய பேர் கட்டைவிரல் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்கள். எனக்கு அப்படி விட மனசில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு அந்த நிகழ்ச்சிகள் பிடிக்கும். நேரம் போகாமல் பார்ப்பதில்லை, விரும்பித்தான் பார்க்கிறேன். சீரியலில் அடுத்து என்ன நடக்கும் என்பது கதை எழுதுகிறவர் கையில். செய்தியில் நடந்து முடிந்ததைக் கேட்டுக்கொள்கிறோம். வினாடி வினாவில் கேள்வி திரையில் வந்த அந்த நொடியில் ஹாட் சீட்டில் இருப்பவரும், தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் நானும் ஒரே நிலையில் இருக்கிறோம். அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருக்கலாம். வேறு எந்த நிகழ்ச்சியும் எனக்கு அந்த இடத்தைத் தருவதில்லை.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. எங்கள் சந்துக்குள் டிவி நுழைய அதற்கப்புறமும் பல வருடம் ஆனது. 1985-ல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு 'குவிஸ் டைம்' நடத்தினார். எல்லாம் ஆங்கிலம். தமிழ் மீடியத்தில் படித்த எங்களுக்குப் பாதி கேள்வியே புரியாது, பதிலுக்கு எங்கே போவது? 2000 ஜூலை 3 அன்று அமிதாப் பச்சனின் 'கௌன் பனேகா க்ரோர்பதி' வந்தது, அது இந்தி. அதே வடிவத்தில் சன் டிவியில் சரத்குமார் 'கோடீஸ்வரன்' நடத்தியபோதுதான் கேள்வியும் நாலு ஆப்ஷனும் தமிழில் வந்தன. எங்கள் வீட்டில் எல்லாரும் வாயைத் திறந்தது அப்போதுதான்.

அம்மா ஐந்தாவது வரை படித்தவர். புராணக் கேள்வி, பழைய பாட்டு, மூலிகை என்று வந்தால் ஆப்ஷன் வருவதற்கு முன்பே சொல்லிவிடுவார். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொடியைக் காட்டினால் நாட்டைச் சொல்வார், நாட்டைச் சொன்னால் அதன் துறைமுகத்தைச் சொல்வார். பிள்ளைகளுக்குக் கிரிக்கெட்டும் போன் கம்பெனிகளும். எனக்கு ரயில், அரசியல். ஒருத்தராகப் போனால் நாலாவது கேள்வியில் வீட்டுக்கு வந்துவிடுவோம். வீடே சேர்ந்து உட்கார்ந்தால் பாதிக்கு மேல் தாண்டிவிடுகிறோம். ஒரு ஹால், ஒரு டிவி இருக்கிற வீட்டில் மூன்று தலைமுறை சண்டையில்லாமல் ஒரே பக்கம் பார்க்கிற நேரம் அது ஒன்றுதான். இதில் வேஸ்ட் எங்கே இருக்கிறது?

வியாசை மைதானம்

அண்ணே, அந்தச் செய்தியை எழுதியது நான் இல்லை. ஆனால் எழுதியவர் பக்கம்தான் நிற்கிறேன்.

நீங்கள் சொல்வது உங்கள் வீட்டின் பெருமை, நிகழ்ச்சியின் பெருமை அல்ல. நிகழ்ச்சியை மட்டும் பாருங்கள். ஒரு கேள்வி வரும். போட்டியாளர் யோசிப்பார். "லாக் பண்ணிடலாமா?" என்று மூன்று தடவை கேட்பார்கள். விளம்பரம். திரும்பி வந்ததும் அவருடைய வீட்டுக் கஷ்டம், பின்னால் சோக இசை, அம்மா கண் துடைப்பதை நெருக்கத்தில் காட்டுவார்கள். அப்புறம்தான் பதில். கேள்விகளை மட்டும் வெட்டி ஒட்டினால் எவ்வளவு நேரம் தேறும்? அவர்கள் விற்பது அறிவை அல்ல. ஏழையின் பதற்றத்தை விற்கிறார்கள். நம்ம ஏரியாவில் பிறந்தவனுக்கு அதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

அடுத்தது நேர்மை. 1956-ல் அமெரிக்காவில் என்.பி.சி. சேனலில் 'ட்வென்டி ஒன்' என்று ஒரு வினாடி வினா வந்தது. அதில் சார்லஸ் வான் டோரன் என்ற கல்லூரி ஆசிரியர் வாரக்கணக்கில் ஜெயித்து நாடு முழுவதும் பேர் வாங்கினார். 1959-ல் நாடாளுமன்றக் குழு முன்னால் அவரே ஒப்புக்கொண்டார்: கேள்வியும் பதிலும் முன்கூட்டியே கொடுக்கப்பட்டன. அவருக்கு முன்னால் ஜெயித்துக்கொண்டிருந்த ஹெர்பர்ட் ஸ்டெம்பலைத் தெரிந்த பதிலையே தப்பாகச் சொல்லித் தோற்கச் சொல்லியிருந்தார்கள். பார்க்கிறவனுக்கு எவன் பிடிக்கும் என்று விளம்பரதாரர் முடிவு செய்தார், அவ்வளவுதான்.

நம்ம ஊரிலும் சொல்கிறேன். 2007-ல் அதே இந்தி கோடி நிகழ்ச்சியில் வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு போட்டி வைத்தார்கள். பதிலை எஸ்எம்எஸ் செய்ய 2 ரூபாய் 40 காசு. 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் அதை முறையற்ற வணிகம் என்று சொல்லி 1 கோடி ரூபாய் கட்ட உத்தரவு போட்டது.

சாயங்காலம் என்பது பிள்ளைகளுக்கு வெளியே வருகிற நேரம். வியாசர்பாடியில் பந்து இருக்கிறது, தெருவுக்குத் தெரு கேரம் போர்டு இருக்கிறது. டிவியை அணைத்துவிட்டு வாருங்கள் என்கிறேன்.

தண்டையார்பேட்டை டீச்சர்

இரண்டு பேரும் ஒரு முக்கியமான விஷயத்தைத் தொடவில்லை: கேள்வி கேட்டதற்கும் பதில் தெரிவதற்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளி.

2014-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. ஆட்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து வினாடி வினாக் கேள்விகளைக் காட்டினார்கள். பதில் வர 14 நொடி காத்திருக்க வேண்டும். அந்த 14 நொடியின் நடுவில் சம்பந்தமே இல்லாத ஒரு முகத்தைத் திரையில் காட்டினார்கள். எந்தக் கேள்விக்குப் பதில் தெரிய ரொம்ப ஆசைப்பட்டார்களோ, அந்தக் கேள்வியின் நடுவில் வந்த முகத்தையும் பிறகு நன்றாக ஞாபகம் வைத்திருந்தார்கள். ஆவல் வந்துவிட்டால் மனசு பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது. வகுப்பில் நான் தினமும் பார்ப்பதும் இதுதான். பாடத்தைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டால் தூங்குகிறார்கள். கேள்வியைக் கேட்டுக் கொஞ்சம் தவிக்கவிட்டால் பெஞ்சில் முன்னால் வந்து உட்கார்கிறார்கள்.

இன்னொன்று. வகுப்பில் தப்பாகச் சொன்னால் நாற்பது பேர் சிரிப்பார்கள். டிவி முன்னால் தப்பாகச் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. தப்பாகச் சொல்லிப் பழக ஒரு இடம் வேண்டும், பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, பெரியவர்களுக்கும். வியாசை தம்பி சொல்கிற சோக இசை எனக்கும் பிடிக்கவில்லை. அதற்காகக் கேள்வியைத் தூக்கி எறிய வேண்டுமா?

எண்ணூர் ஷிப்ட்

எனக்கு மாறி மாறி ஷிப்ட் வருவதால் எந்த நிகழ்ச்சியையும் தொடர்ந்து பார்க்க முடிவதில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். டிவி வேண்டாம் என்று அணைத்தால் எல்லாரும் மைதானத்துக்குப் போவதில்லை. ஆளுக்கொரு மூலையில் போனை எடுக்கிறார்கள். எங்கள் லைனில் காசு கட்டி ஆடும் ஆப்களில் சம்பளத்தை விட்டவர்கள் உண்டு. அப்படிப்பட்ட பண விளையாட்டுகளைத் தடை செய்ய 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் சட்டமே நிறைவேற்றினார்கள். ஹாலில் எல்லாரும் பார்க்க, காசு கட்டாமல், சத்தமாகப் பதில் சொல்வதையும் அதையும் ஒன்றாகப் பேசக்கூடாது.

ராயபுரம் ரயிலடி

வியாசை தம்பிக்கு. அந்த எஸ்எம்எஸ் வழக்கைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 2022-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையத்தின் உத்தரவை ரத்து செய்தது. பரிசுப் பணம் எஸ்எம்எஸ் கட்டணத்திலிருந்துதான் வந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. அமெரிக்க விஷயத்திலும் மிச்சக் கதை இருக்கிறது. அந்த மோசடி வெளியே வந்ததால்தான் 1960-ல் வினாடி வினாவில் முன்கூட்டி உதவி செய்வது குற்றம் என்று சட்டத்தையே திருத்தினார்கள். ஏமாற்றினார்கள் என்று ஒரு நாடே கோபப்பட்டது என்றால், அந்தக் கேள்விகளை அத்தனை பேர் உண்மையாக எடுத்துக்கொண்டார்கள் என்றுதானே அர்த்தம்?

ஏழையின் பதற்றம் என்றீர்கள். 2020 ஜனவரியில் கலர்ஸ் தமிழில் ராதிகா சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரி'யில் மதுரையைச் சேர்ந்த கௌசல்யா கார்த்திகா 1 கோடி ஜெயித்தார். காது கேட்காது, பேச்சு வராது. உதட்டசைவைப் பார்த்துக் கேள்வியைப் புரிந்துகொண்டு ஒவ்வொன்றாகத் தாண்டினார். அன்று எங்கள் வீட்டில் யாரும் பரிதாபப்படவில்லை. அடுத்த கேள்விக்கு அந்தப் பெண் என்ன சொல்லப் போகிறார் என்றுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது. இப்படிப்பட்ட ஒருவரை அந்த நேரத்தில், அந்த நாற்காலியில், நம்மைவிட அதிகம் தெரிந்தவராக வேறு எந்த நிகழ்ச்சியில் பார்த்தோம்?

வியாசை மைதானம்

கௌசல்யா விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன், அண்ணே. அது பெரிய காரியம்.

அதே மேடையின் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2011-ல் அந்த இந்தி கோடி நிகழ்ச்சியில் பீகாரைச் சேர்ந்த சுஷில் குமார் 5 கோடி ஜெயித்தார். மாதம் சில ஆயிரம் சம்பளத்தில் கணினி ஆபரேட்டராக இருந்தவர். 2020-ல் அவரே முகநூலில் எழுதினார்: ஏமாற்றியவர்கள், கைவிட்டுப் போன பணம், குடிப் பழக்கம், வீட்டில் வந்த சண்டை. ஜெயித்த ராத்திரியை நாடே பார்த்தது, அதற்கப்புறம் நடந்ததை எந்தக் கேமராவும் காட்டவில்லை. ஜெயித்த தொகையில் 30 சதவீதம் வரி முதலிலேயே பிடித்துவிடுவார்கள் என்பதும் நிறைய பேருக்குத் தெரியாது. செக்கில் எழுதிக் காட்டுவது ஒரு தொகை, கைக்கு வருவது வேறு தொகை.

இன்னொரு கேள்வி. பதில் தெரிந்து வைத்துக்கொண்டு இந்தக் காலத்தில் என்ன பிரயோசனம்? 2011-லேயே அமெரிக்காவின் 'ஜெபர்டி' நிகழ்ச்சியில் ஐபிஎம் நிறுவனத்தின் வாட்சன் கணினி, 2004-ல் தொடர்ந்து 74 ஆட்டம் ஜெயித்த கென் ஜென்னிங்ஸையே தோற்கடித்துவிட்டது. இப்போது அதைவிடப் பெரியது எல்லார் பாக்கெட்டிலும் இருக்கிறது.

தண்டையார்பேட்டை டீச்சர்

அதே ஆட்டத்தில் அமெரிக்க நகரம் ஒன்றின் பெயரைக் கேட்ட கேள்விக்கு வாட்சன் டொராண்டோ என்று பதில் சொன்னது, தம்பி. டொராண்டோ கனடாவில் இருக்கிறது. அந்தத் தப்போடும்தான் ஜெயித்தது. யார் வேகம் என்பது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. "தெரியும், தெரியும், நாக்கு நுனியில் இருக்கிறது" என்று தவித்து, எப்போதோ ஆறாம் வகுப்பில் கேட்டது திடீரென்று மேலே வருகிறதே, அந்தச் சந்தோஷம் கணினிக்குக் கிடைக்குமா?

பிரயோசனமும் இருக்கிறது. நம் பகுதிப் பிள்ளைகள் எத்தனை பேர் அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதுகிறார்கள்? 200 கேள்வி, 300 மதிப்பெண், எல்லாம் நாலு பதிலில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. அதில் தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கு 25. டிவி பார்த்து யாரும் தேர்வில் ஜெயிக்க மாட்டார்கள், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். படித்ததை உள்ளேயிருந்து எடுத்துப் பார்க்கிற பழக்கம் வருகிறது, அது ஒரு பலம்தான்.

காசிமேடு கரை

எல்லாரும் படித்துவிட்டேன். என் மனசில் கிடப்பதைச் சொல்கிறேன், கொஞ்சம் கசப்பாக இருக்கும்.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை எங்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில்தான் அப்பா சாயங்காலம் வீட்டில் இருப்பார். என் பெண் அந்த நிகழ்ச்சியைப் போடுவாள். அப்பாவும் உட்காருவார். ஐரோப்பாவில் ஒரு மலை, ஆஸ்கர் வாங்கிய ஒரு நடிகை, ஏதோ ஒரு கம்பெனியை ஆரம்பித்தவர் பெயர். ஒன்றுக்கும் அவருக்குப் பதில் தெரியாது. பேத்தி கடகடவென்று சொல்வாள். ஒருநாள் எழுந்து வெளியே போகும்போது சொன்னார்: "நமக்குத்தான் ஒண்ணும் தெரியலையே."

அந்த வார்த்தையை என்னால் தாங்க முடியவில்லை. நாற்பது வருடம் கடலில் போனவர். தண்ணீரின் நிறத்தைப் பார்த்து அடியில் சேறா பாறையா என்று சொல்வார். வாடைக் காற்றுக்கும் கொண்டல் காற்றுக்கும் எந்த மீன் எந்தப் பக்கம் வரும் என்று தெரியும். செவுளைத் தூக்கிப் பார்த்து வஞ்சிரம் என்றைக்குப் பிடித்தது என்று சொல்வார். கரையில் ஒரு விளக்கும் தெரியாத இடத்திலிருந்து படகைத் திருப்பிக் கொண்டு வருவார். இதில் எதையும் பொது அறிவு என்று யாரும் கேட்டதில்லை. கேள்வி தயாரிக்கிறவர் வீட்டில் யாரும் கடலுக்குப் போனதில்லை போலிருக்கிறது.

ரயிலடி அண்ணே, உங்கள் அம்மாவுக்குப் புராணக் கேள்வி வந்தது. எங்கள் அப்பாவுக்கு ஒரு கேள்விகூட வரவில்லை. எல்லாரும் ஒரே நிலை என்றீர்களே, அது எங்கள் வீட்டில் உண்மையில்லை.

ராயபுரம் ரயிலடி

கரை, இதற்கு உடனே பதில் எழுத எனக்கு வரவில்லை. உங்கள் அப்பாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டை மருமகள்

முதலில் வியாசை அண்ணனுக்கு. டிவியை அணைத்துவிட்டு வெளியே வாருங்கள் என்கிறீர்களே, யாரைக் கூப்பிடுகிறீர்கள்? ராத்திரி எட்டரைக்கு உங்கள் கேரம் போர்டைச் சுற்றி எத்தனை பெண்கள் நிற்கிறார்கள்? எனக்கு அந்த நேரத்தில் வெளியே இடமில்லை. ஹால் ஒன்றுதான் இடம். அதையும் வேஸ்ட் என்று சொல்லிப் பூட்டிவிடாதீர்கள்.

இப்போது என் கதை. கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கும் என் மாமியாருக்கும் பேச்சு என்றால் உப்பு, பால், சாவி, அவ்வளவுதான். சண்டை கிடையாது, பேச எதுவும் கிடையாது. ராத்திரி அவர்கள் டிவி முன்னால் உட்காருவார்கள், நான் துணி மடித்துக்கொண்டு பின்னால் இருப்பேன். ஒருநாள் ஒரு கேள்வி: மியான்மர் நாட்டின் முக்கியமான ஆறு எது? எனக்கு அந்த நாட்டைப் பற்றியே ஒன்றும் தெரியாது. மாமியார் திரும்பாமலே "ஐராவதி" என்றார்கள். ஆப்ஷன் வருவதற்கு முன்னால். நான் ஆச்சரியப்பட்டு "எப்படி அத்தை தெரியும்?" என்றேன்.

அப்புறம் அந்த நிகழ்ச்சியை நாங்கள் பார்க்கவே இல்லை. அவர்கள் ரங்கூனில் பிறந்தவர்களாம். 1962-ல் அங்கே ராணுவ ஆட்சி வந்தது, கடைகளையெல்லாம் அரசாங்கமே எடுத்துக்கொண்டது, தமிழ்க் குடும்பங்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கப்பல் ஏறின. இவர்கள் சின்னப் பிள்ளையாக, அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கியிருக்கிறார்கள். வியாசர்பாடியில் குடிசை போட்டார்கள். அந்த ஆற்றில் படகில் போனது, அதன் கரையில் விற்ற அவித்த சோளம், இறங்கின அன்று இங்கே யாரும் பேசுவது புரியாத மாதிரி இருந்தது என்று எல்லாம் சொன்னார்கள். பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிடுகிறோமே, அவர்கள் வீட்டில் செய்கிற அத்தோவில் புளிக்கரைசல் ஏன் அப்படி இருக்கிறது என்பதும் அன்றுதான் தெரிந்தது.

என் வீட்டுக்காரருக்கே அதில் பாதி தெரியாது. முப்பது வருடம் அம்மா கையால் சாப்பிட்டவர்.

வியாசை மைதானம்

அக்கா, வெளியில் பெண்களுக்கு இடம் குறைவு என்பது நியாயம். அதை மாற்றத்தான் நாங்கள் கிடந்து அடித்துக்கொள்கிறோம். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் நம் வடசென்னைப் பெண் காஷிமா மூன்று தங்கம் ஜெயித்தார். அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். தமிழக அரசு 1 கோடி ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது. அந்தக் கோடிக்கு ஹாட் சீட்டும் லைஃப்லைனும் தேவைப்படவில்லை. போர்டுதான் தேவைப்பட்டது, அதை விளையாட ஒரு பெண்ணை வீட்டில் விட்டதும்தான்.

உங்கள் அத்தை கதையைப் படித்ததும் எங்கள் பாட்டி ஞாபகம் வந்தது, அவர்களும் பர்மாவிலிருந்து வந்தவர்கள்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தக் கதையைச் சொன்னது அத்தை. டிவி இல்லை. டிவி இல்லாமலே நீங்கள் கேட்டிருக்கலாமே?

கொருக்குப்பேட்டை மருமகள்

என்னவென்று கேட்பேன், அண்ணே? ரங்கூன் என்ற பேரையே அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. "அத்தை, நீங்கள் சின்ன வயதில் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டிருந்தால் "வியாசர்பாடி" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்திருப்பார்கள். நமக்கு எது தெரியாது என்பதே தெரியாதபோது கேள்வி எப்படி வரும்? எங்கேயோ இருக்கிற யாரோ ஒருவர் எழுதின கேள்வி, அவருக்கு என் அத்தையைத் தெரியாது, ஆனால் அது நேராக அத்தையிடம் வந்து நின்றது. வீட்டு ஆட்கள் கேட்டிருந்தால் ஏன் கேட்கிறாள், எதற்குக் கேட்கிறாள் என்று யோசித்திருப்பார்கள். டிவி கேட்டதால் யோசிக்காமல் சொல்லிவிட்டார்கள்.

கரை அண்ணா, உங்கள் அப்பா விஷயத்தைப் படித்து எனக்கு அழுகை வந்தது. என் அத்தைக்கு ஒரு கேள்வி வந்தது. உங்கள் அப்பாவுக்கு வரவில்லை. வந்திருந்தால் உங்கள் பெண்ணும் என்னைப் போலத் திரும்பிப் பார்த்திருப்பாள்.

காசிமேடு கரை

உண்மை, தங்கச்சி. அதனால்தான் நான் டிவியை உடைக்கவில்லை. விளம்பரம் வந்தால் சத்தத்தைக் குறைத்துவிட்டு நான் ஒரு கேள்வி கேட்பேன். முதல் நாள் கேட்டது: நம் கரையில் விசைப்படகு வருடத்துக்கு எத்தனை நாள் கடலுக்குப் போகக்கூடாது? பெண் போனை எடுத்துத் தேடினாள். அப்பா 61 என்றார், சொல்லிவிட்டு முன்பு 45 நாள்தான் இருந்தது என்றும், மீன் முட்டை வைக்கிற காலம் எது, மடி வலை அடியோடு அரித்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்றும் விளம்பரம் முடிந்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தார். அவள் நிகழ்ச்சிக்குத் திரும்பவில்லை.

ஆனாலும் என் வழக்கு அப்படியே இருக்கிறது. கேள்வி எழுதுகிற இடத்தில் கடல் தெரிந்தவர், தறி தெரிந்தவர், லோகோ ஒர்க்ஸ் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர் உட்கார வேண்டும். அதுவரை அதைப் பொது அறிவு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தண்டையார்பேட்டை டீச்சர்

கரை அண்ணன் சொல்கிற விளம்பர நேரக் கேள்வியை நான் இந்த வாரமே வகுப்பில் எடுத்துக்கொள்கிறேன். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கேள்வியை வீட்டில் ஒரு பெரியவரிடமிருந்து வாங்கிவர வேண்டும், பதிலோடு. நம் பகுதியிலேயே எவ்வளவு கிடக்கிறது! தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. 1918-ல் மெட்ராஸ் தொழிலாளர் சங்கம் பெரம்பூர் மில் தொழிலாளிகளால்தான் பிறந்தது, நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று. 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் மழையில் நடந்தது ராயபுரம் ராபின்சன் பூங்காவில். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது பிள்ளைகளின் தாத்தாக்களிடம் இருக்கிறது, எனக்கு அதுதான் வேண்டும்.

வியாசை மைதானம்

டீச்சர், அப்படி ஒரு போட்டி வைத்தால் நானே மைதானத்தில் பந்தல் போட்டுத் தருகிறேன். ஒரே நிபந்தனை, பரிசுப் பணம் கூடாது. சோக இசையும் கூடாது. டிவி நிகழ்ச்சியைப் பற்றி நான் சொன்னது எதையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

ராயபுரம் ரயிலடி

பரிசு இல்லாமல் எப்படித் தம்பி? ஒரு எவர்சில்வர் டம்ளராவது கொடுக்க வேண்டும். ஜெயித்தவர் வீட்டுக்கு எடுத்துப் போய்க் காட்ட ஏதாவது கையில் இருந்தால்தான் அடுத்த வருடம் அம்மாக்கள் மேடை ஏறுவார்கள்.

காசிமேடு கரை

பரிசு அப்புறம். கேள்வியை முதலில் சரியாகப் போடுங்கள், டீச்சர். "மீன்பிடித் தடை எத்தனை நாள்?" என்று பொதுவாகக் கேட்டு 61 என்று ஆப்ஷன் வைத்தால், எங்கள் கரையில் ஃபைபர் படகு வைத்திருக்கிறவர் எழுந்து "எனக்கு ஏது தடை? நான் தினமும் போகிறேனே" என்பார். அவர் சொல்வதும் சரிதான், தடை விசைப்படகுக்குத்தான். பழைய ஆள் யாராவது 45 என்று சொன்னால் அவரையும் தப்பு என்று உட்கார வைக்க முடியாது. எந்தப் படகு, எந்த வருடம் என்று கேள்வியிலேயே இருக்க வேண்டும். வேண்டுமானால் அப்பாவை அழைத்து வருகிறேன், அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.